காலையில எதிர்காத்து... சாயங்காலம் தள்ளுகாத்து!

'பைக்ல வேலைக்குப் போறது ஒரு சுகம்'னு சென்னையிலயோ பெங்களூருவிலயோ நின்னு சொல்லிப் பாருங்க... ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அடிக்க வருவாங்க. சிக்னல், புகை, ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல சொருகிக்கிட்டு நிற்கிற அவஸ்தை... அவங்க கோபத்துலயும் நியாயம் இருக்கு. அதே வார்த்தையை ஒட்டன்சத்திரத்து டீக்கடை பெஞ்ச்ல சொல்லிப் பாருங்க. "அட, அதைச் சொல்லுங்க தம்பி!"ன்னு நாலு பேர் நகர்ந்து இடம் கொடுப்பாங்க. அந்த நாலு பேரும் காலையில அறுபது கிலோமீட்டருக்குக் கணக்கு வைத்துத்தான் வண்டியை எடுத்திருப்பாங்க.

நானும் அந்தக் கணக்குதான். வீடு ஒட்டன்சத்திரம். வேலை பழனியில், ஒரு ஆடிட்டர் ஆபீஸில். போக 30 கிலோமீட்டர், வர 30. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 18,000 கிலோமீட்டர். பூமியை நடுவயிற்றில் ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆக, ரெண்டேகால் வருஷத்துக்கு ஒரு தடவை நான் உலகத்தைச் சுற்றி முடித்துவிடுகிறேன். என்ன ஒண்ணு, திண்டுக்கல் மாவட்டத்தைத் தாண்டுவதே இல்லை!

காலேஜில் எங்கள் செட்டில் ஒருத்தன் சே குவேரா டி-ஷர்ட்டைத் துவைக்காமலே போட்டுக்கொண்டு திரிவான். 1952-ல் சே தன் நண்பர் ஆல்பெர்ட்டோ கிரனாடோவோடு ஒரு பழைய நார்ட்டன் 500-ல் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பின கதையைக் கேன்டீனில் அவன் சொல்லாத நாள் இல்லை. வண்டி சிலி நாட்டிலேயே படுத்துவிட்டது, மிச்ச தூரத்தை லிஃப்ட் கேட்டும் லாரியிலும் படகிலும்தான் போனார்கள் என்கிற பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவான். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தூரதேசம் போகிற பைக்குக்குத்தான் புத்தகம், சினிமா எல்லாம். தினமும் ஒரே ரோட்டில் போய் ஒரே ரோட்டில் திரும்புகிற பைக்கைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. டூர் போகிறவன் ஒரு ஊரை ஒரு தடவை பார்க்கிறான். வேலைக்குப் போகிறவன் அதே ஊரை வருஷத்துக்கு அறுநூறு தடவை பார்க்கிறான். யாருக்கு ஊர் தெரியும், நீங்களே சொல்லுங்க.

நிழல் சொல்லும் மாசம்

இந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்பு தேசிய நெடுஞ்சாலை 209, இப்போது 83. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி கிட்டத்தட்ட நேர் மேற்கு. அதாவது காலையில் போகும்போது சூரியன் முதுகில், சாயங்காலம் திரும்பும்போதும் முதுகில். ரெண்டு நேரமும் என் நிழல் எனக்கு முன்னாடி ஓடும். இதுவே கிழக்கே திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போகிற ஆளாக இருந்தால், ரெண்டு நேரமும் வெயில் கண்ணுக்குள் குத்தும். ஒரே ஊர்க்காரங்க, ஒரே சம்பளம், ஒரே வண்டி... திசை மட்டும் மாறினால் முகத்தின் நிறமே மாறிப்போகுது பாருங்க!

அந்த நிழலைப் பார்த்தே மாசம் சொல்லலாம். மார்கழிக் காலையில் சூரியன் தென்கிழக்கே தள்ளி எழும். நிழல் வண்டிக்கு வலதுபக்கமாகச் சாய்ந்து நடு ரோட்டுக்கு ஓடும். எதிரே வருகிற லாரி அதன் மேல் ஏறிப் போகும். ஆனி மாசத்தில் சூரியன் வடகிழக்கே. நிழல் இடதுபக்கம் விழுந்து புளியமரத்து வேரிலும் மைல்கல்லிலும் ஏறி ஏறி இறங்கும். ஏழாம் வகுப்புப் புவியியலில் உத்தராயணம், தட்சிணாயணம் என்று மனப்பாடம் செய்தது எனக்கு இருபத்து மூன்று வயதில், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு போகும்போதுதான் புரிந்தது.

இடதுபக்கம் வழிநெடுக மலை. காலையில் பழனி மலைத்தொடர் நீலமாக, சில நாள் இருக்கிற இடமே தெரியாமல் மூடிக்கொண்டு கிடக்கும். சாயங்காலம் அதே மலை வலதுபக்கம். பஸ்ஸில் போனால் இதெல்லாம் ஜன்னலில் தெரிகிற படம், சீட்டு கிடைத்தால்! பைக்கில் மலை மேலிருந்து இறங்குகிற குளிர் முதலில் முழங்கைக்குத் தெரியும். நங்காஞ்சி ஆறு குறுக்கே போகிற விருப்பாச்சிப் பக்கம், மழைக்காலத்தில் காற்று சட்டென்று ரெண்டு டிகிரி இறங்கும். யாரும் சொல்ல வேண்டாம், தோலுக்கே தெரியும்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற மேல்காத்து எங்கள் பக்கம் சும்மா விளையாடிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டோ கொட்டென்று மழை கொட்டும். நமக்கு அதன் காற்று மட்டும்தான் பங்கு. தாராபுரம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? காலையில் பழனிக்குக் கிளம்பினால் அந்தக் காற்று நேர் நெஞ்சில் அடிக்கும். 100 சிசி வண்டி நாலாவது கியரில் இழுக்காமல் மூணாவதுக்கு இறங்கி முனகும். வேகம் ரெண்டு மடங்கு ஆனால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு ஆகும் என்பது ஃபிசிக்ஸ். அதைப் பெட்ரோல் டேங்க்கில் படிக்க வேண்டுமென்றால் ஆடி மாசம் சத்திரப்பட்டிப் பக்கம் வாங்க.

ஆனா சாயங்காலம் இருக்கே... அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் போகிற சில நிமிஷங்கள் வரும். அப்போது காதுக்குள் சத்தமே இருக்காது. எஞ்சின் துடிப்பு மட்டும் தொடையில் கேட்கும். (ஆமாம், கேட்கும்தான். அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்!) நாள் முழுக்க ஜி.எஸ்.டி. பில்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு அந்த நாலு நிமிஷத்தை யார் விலை போட்டுக் கொடுப்பார்கள்?

நாலு சத்திரம்

ரொம்ப நாளாக எனக்கு உறைக்காத விஷயம் ஒண்ணு. திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்க. ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. அறுபது கிலோமீட்டருக்குள் நாலு சத்திரம்! நடந்து போனவர்கள் போட்ட ரோடு இது. கால் வலித்த இடத்தில் உட்கார்ந்து, சோறு தின்று, படுத்து எழுந்து போக ஒரு சத்திரம். அதைச் சுற்றி ஒரு ஊர். இன்றைக்கு அந்த ஊர்ப் பெயர்களை நாம் நிற்காமலே தாண்டுகிறோம். ஒட்டன்சத்திரத்துக்கும் சத்திரப்பட்டிக்கும் நடுவே ஒருத்தன் அரை நாளை நடந்தே கழித்திருப்பான். எனக்கு அது ரெண்டு பாட்டு கேட்கிற நேரம். (பாட்டு மனசுக்குள்தான். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு ஹைவேயில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.)

தை மாசம் வந்தால் அந்தப் பழைய ரோடு மறுபடி உயிரோடு எழுந்து வரும். தைப்பூசத்துக்கு மதுரை, சிவகங்கை, காரைக்குடி என்று எங்கிருந்தெல்லாமோ நடந்து வருகிறவர்கள் ரோட்டோரத்தை நிறைத்துக்கொண்டு போவார்கள். பச்சை வேட்டி, தோளில் காவடி, சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு. இரவில் வருகிறவர்கள் முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஹெட்லைட் பட்டதும் இருட்டுக்குள் நூறு மின்மினி எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். அந்த வாரங்களில் நான் நாற்பதைத் தாண்டுவதில்லை. நாற்பது நிமிஷப் பயணம் ஒரு மணி நேரம் ஆகும். ஆபீஸில் லேட் போட்டால் போடட்டும்! இருநூறு கிலோமீட்டர் நடந்து வருகிறவர் பக்கத்தில் ஹாரன் அடிக்க எந்த அவசரத்துக்கும் உரிமை கிடையாது.

விருப்பாச்சியைத் தாண்டும்போது இன்னொரு நினைப்பு வரும். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் வந்த இடம் இது. பாளையக்காரர் கோபால் நாயக்கர் அவருக்கு ஆதரவு கொடுத்தார். நாச்சியார் படை திரட்டிப்போய் 1780-ல் சிவகங்கையை மீட்டார். கோபால் நாயக்கரை 1801-ல் வெள்ளைக்காரர்கள் தூக்கில் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை மாதிரி இருந்தது. எதிர்காற்றில் மூணாவது கியரில் அந்த மேட்டில் ஏறும்போது, இதே காற்றில் குதிரையில் வந்தவர்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதே விருப்பாச்சி மலைவாழைதான் புவிசார் குறியீடு வாங்கியது, பழனி பஞ்சாமிர்தத்துக்குள்ளும் போகிறது. பஞ்சாமிர்தமும் 2019-ல் குறியீடு வாங்கிவிட்டது. பழமும் பஞ்சாமிர்தமும் ஒரே ரோட்டில்!

மூக்குதான் மேப்

கண்ணைக் கட்டி என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்தாலும் எங்கே போகிறோம் என்று சொல்லிவிடுவேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், நசுங்கின தக்காளி மூணும் கலந்த வாசனை. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று எங்களுடையது. கேரளாவுக்குப் போகிற காயில் பெரும்பங்கு இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. ஓணம் வந்தால் எங்கள் ஊருக்குத்தான் முதலில் தெரியும். நெய்க்கும் வெண்ணெய்க்கும் பேர்போன ஊர் வேறு. ஊரைத் தாண்டினதும் காய்ந்த மக்காச்சோளத்தட்டை வாசனை. ஆயக்குடி வந்தால் கொய்யா. சீசனில் ரோட்டோரம் கூடைகூடையாகக் குவித்து வைத்திருப்பார்கள். அந்த வாசனையைத் தாண்டிப் போக மனசு வராது. நான் வாரத்துக்கு ரெண்டு நாள் தோற்றுப்போவேன்.

வாசனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தக்காளி விலை விழுகிற நாட்களில் பறித்த கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் ரோட்டோரமே கொட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் வெயிலில் அது புளித்த வாடை ஊர் எல்லையிலேயே மூக்கில் ஏறும். பேப்பரில் 'தக்காளி விலை வீழ்ச்சி' என்று வருவதற்கு முந்தின நாளே அந்த ரோட்டில் போகிறவனுக்குச் செய்தி தெரியும். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி. போட்டுப் போகிறவருக்குத் தெரியாது. அதற்காகக் காரைத் திட்டவில்லை, வாங்க முடிந்தால் நானும் வாங்குவேன். மழை நாளுக்கு மட்டும்!

மார்க்கெட் என்றதும் அப்பா ஞாபகம். அவருக்கு இது பொழுதுபோக்கு கிடையாது, பொழைப்பு. விடியுமுன் டி.வி.எஸ். 50-ஐ மிதித்துக் கிளப்பி, பின்னால் ரெண்டு கட்டு முருங்கைக்காய், கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை கத்தரிக்காய், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. தன் கால் ரெண்டையும் எங்கே வைத்தார் என்பது எனக்கு இன்றுவரை புரியாத புதிர். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த வண்டி அது. ரெண்டு பேர் போகலாம் என்று செய்தார்கள். எங்கள் பக்கம் அதில் ரெண்டு மூட்டை, ஒரு ஆள், சில நாள் ஒரு ஆட்டுக்குட்டியும் போகும். ஜப்பானில் ஹோண்டா கம்பெனி 1958-ல் 'சூப்பர் கப்' என்று ஒரு சின்ன வண்டி விட்டது. நூடுல்ஸ் தட்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு டெலிவரிக்குப் போகிற பையன் மறு கையால் ஓட்ட வேண்டும் என்று கிளட்ச் லீவரே இல்லாமல் செய்தார்களாம். 2017-க்குள் 10 கோடி வண்டி செய்துவிட்டார்கள். உலகத்தை நகர்த்துவது ரேஸ் பைக் இல்லை பாஸ், இந்த மாதிரி மூட்டை வண்டிகள்தான்.

அப்பா எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது மூணே மூணு விஷயம் சொன்னார். "முன்னாடி போறவன் டயரைப் பாரு, ஆளைப் பாக்காத. காயப்போட்ட சோளத்து மேல பிரேக் புடிக்காத. லாரிக்காரன் உன்னைப் பாத்துட்டான்னு நெனைக்காத." பெரிய பெரிய ரைடிங் ஸ்கூலில் காசு வாங்கிக்கொண்டு சொல்வதெல்லாம் இந்த மூணுக்குள் அடங்கிவிடும். ரோட்டில் மக்காச்சோளம் பரப்பி வைக்கிற சீசனில் அந்த ரெண்டாவது பாடம் என் எலும்பை எத்தனை தடவை காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

சிவப்பு ஹெல்மெட்

தினமும் ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில் போனால் விசித்திரமான நட்புகள் உண்டாகும். பெயர் தெரியாது. வேலை என்ன என்று தெரியாது. சில பேருக்கு முகமே தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். 'ஸ்ரீ பாலமுருகன் துணை' எழுதின நீலச் சட்டைக்காரர். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கத்தை அடக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் வருகிற நர்ஸ் அக்கா. பால்கேன் கட்டின அண்ணன். எட்டு இருபதுக்கு விருப்பாச்சிப் பக்கம் எதிரே வருகிற சிவப்பு ஹெல்மெட்காரர். அவர் இடதுகையை ரெண்டு விரல் அளவுக்குத் தூக்குவார், நானும் தூக்குவேன். அவ்வளவுதான் பேச்சு. மூணு வருஷம் இப்படியே.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. சரி, லீவு. செவ்வாய், புதன்... ஒரு வாரம். பெயர் தெரியாத ஒரு மனுஷனுக்காக வயிற்றைப் பிசையும் என்று யாராவது முன்னாடி சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ரெண்டாவது வாரம் சத்திரப்பட்டி டீக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சிவப்பு ஹெல்மெட்டா... அட, வாத்தியாரு! லாரி ஒண்ணு சடார்னு ஒடிச்சுருச்சு தம்பி. தோள்பட்டை எலும்பு போச்சு. ஹெல்மெட் ரெண்டாப் பொளந்துருச்சு..." டீ ஆற்றின கை ஒரு நிமிஷம் நின்றது. "தலைக்கு ஒண்ணும் இல்ல. வீட்லதான் இருக்காரு."

2022-ம் வருஷம் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்துப்போனவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. சுகம் சுகம் என்று எழுதிக்கொண்டே போகிறவன் இந்த எண்ணை மறைத்தால் அது பொய்க் கட்டுரை. ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் ஏறத்தாழ 69 சதவீதமும், சாவு 42 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. தமிழ்நாட்டில் 2007-ல் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாள் போட்டுவிட்டுக் கழற்றினோம். 2015 ஜூலையில் ஹைகோர்ட் உத்தரவு வந்தது, மறுபடி போட்டோம். போலீஸ் நிற்கிற இடம் வந்ததும் டேங்க் மேலிருந்து தலைக்கு ஏறுகிற ஹெல்மெட்டை இன்றைக்கும் தினம் பார்க்கிறேன். இன்னொரு சின்னக் கணக்கு. அறுபதில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வந்த மெசேஜை ஒரே ஒரு நொடி பார்த்தால், ஒரு பஸ்ஸைவிட நீளமான தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டின மாதிரி. அதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால். அதற்கப்புறம் வீட்டு வாசல் வரை அம்மா கூப்பிட மாட்டாங்க, நானும் எடுக்க மாட்டேன். "வந்துட்டியா சாமி?" என்பதை நேரில் மட்டும்தான் கேட்பாங்க.

தை பிறந்து ரெண்டாவது வாரம். எட்டு இருபது. எதிரே ஒரு வெள்ளை ஹெல்மெட் மெதுவாக வந்தது. நான் அடையாளம் பிடிப்பதற்குள் இடதுகை எழுந்தது. முன்னைப்போல் சுலபமாக எழவில்லை, பாதியில் நின்றது. ஆனால் ரெண்டு விரலும் தெரிந்தது. நான் என் கையை முழுசாகவே தூக்கினேன்.

யாருக்கும் இல்லாத நாற்பது நிமிஷம்

என் செட்டில் பாதிப் பேர் சென்னை, மிச்சம் கோயம்புத்தூர், திருப்பூர். தப்பே இல்லை. வேலை அங்கேதான் இருக்கு. சோழிங்கநல்லூரில் இருக்கிற நண்பன் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, "ஏன்டா மாப்ள, அந்தச் சம்பளத்துக்கு டெய்லி அறுபது கிலோமீட்டரா? பேசாம அங்க வந்துரு"ம்பான். அவன் ரூமிலிருந்து ஆபீஸ் எட்டே கிலோமீட்டர். போக ஆகிற நேரம் எனக்கு ஆகிற அதே நாற்பது நிமிஷம். நான் ஓட்டுகிறேன், அவன் நிற்கிறான்.

பணக்கணக்கில் நான் ஜெயிக்க மாட்டேன். 2021-ல் பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டினபோது ரெண்டு மாசம் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். மிச்சம் ஆனது, உண்மை. ஆனால் சாயங்காலம் ஏழரைக்கு வேலை முடிகிற நாளில் பஸ்ஸைத் துரத்துகிறதும், நின்றபடியே தூங்குகிறதும்... மூணாவது மாசம் வண்டியைத் துடைத்து எடுத்துவிட்டேன். வண்டி இருப்பதால்தான் நான் பழனியில் சம்பாதித்து ஒட்டன்சத்திரத்தில் தூங்குகிறேன். அம்மா கையால் சாப்பிடுகிறேன். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக லீவும் ரயில் டிக்கெட்டும் தேட வேண்டியதில்லை. ஹாஸ்டல் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இதற்கும் ஒரு தொகை போட்டுப் பார்க்கலாம்.

இன்னொண்ணும் உண்டு. வீட்டில் நான் மகன், அண்ணன். ஆபீஸில் ஜூனியர். போனில் யாரோ ஒருத்தருக்கு 'ஏன் ரிப்ளை பண்ணலை' ஆள். அந்த நாற்பது நிமிஷத்தில் மட்டும் நான் யாரும் இல்லை. கை ஆக்ஸிலேட்டரில், கால் பிரேக்கில், கண் ரோட்டில். மனசு மட்டும் சும்மா இருக்கும். காலையில் முதலாளி கத்தினது ஆயக்குடியில் கோபமாக இருக்கும், சத்திரப்பட்டியில் வருத்தமாக மாறும், ஒட்டன்சத்திரம் எல்லையில் 'சரி விடு, அவருக்கு என்ன பிரச்னையோ' ஆகிவிடும். வீட்டுக்குள் அது நுழைவதே இல்லை. பக்கத்து ரூமிலேயே வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த முப்பது கிலோமீட்டர் இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரோடு மாறும். வடகாடு வழியாகப் பரப்பலாறு அணைப் பக்கம், மனசு இருந்தால் பாச்சலூர் வரை. வளைவு வளைவாக ஏறுகிற அந்தப் பாதையில் ஒட்டன்சத்திரம் சமவெளி கீழே விரியும். தினம் போகிற ரோடு நூல் மாதிரி தெரியும். மேலே நின்று 'அதோ விருப்பாச்சி, அதோ சத்திரப்பட்டி' என்று விரலால் தொட்டுக்கொண்டே போவேன். கூட வருகிற பசங்க செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருப்பாங்க.

பொள்ளாச்சி வரைக்கும் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிற மாதிரி நான்குவழிச்சாலை வேலை ஆரம்பித்தார்கள். லாரிகள் அந்தப் பக்கம் போனால் பழைய ரோட்டில் உயிர் மிஞ்சும், நல்லதுதான். நான் பழைய ரோட்டிலேயே போவேன். கொய்யாக் கூடை நான்குவழிச்சாலைக்கு வராது.

தங்கச்சி இந்த வருஷம் டிகிரி முடிச்சிட்டா. வேலை கிடைத்திருப்பது திண்டுக்கல்லில். 2018-ல் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்த திட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒண்ணு வாங்கினாங்க. இவள் அதில் ஓட்டிப் பழகினவள். போன வாரம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கூட்டரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அம்மா பேசவே இல்லை. நான்தான் சொன்னேன்.

"அந்தப் பக்கம் ரெண்டு நேரமும் கண்ணுல வெயில்டி. நல்ல வைசர் வச்ச ஹெல்மெட்டா வாங்கு."

"வாங்கியாச்சு. நீ மொதல்ல உன்னோடதை மாத்து, ஸ்ட்ராப் பிஞ்சு தொங்குது."

அப்பா ரெண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைவிரலால் டயர் பட்டனை அழுத்திப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அவளிடம் சொன்னார்:

"டயர் ஒரு மழைக்குத் தாங்கும். அதுக்குள்ள மாத்திரு. நாளைக்கு வெள்ளன எந்திரி, காயப்போட்ட சோளத்து மேல எப்படிப் போறதுன்னு காட்டுறேன்."